படிக்க முடியாத எழுத்தில் முப்பது இரவுகள்

ரோம் நகரில் ஒரு கத்தோலிக்கத் துறவு சபையின் வசம் ஒரு மரப்பலகை இருக்கிறது. நீளம் சுமார் 29 செ.மீ., அகலம் 20 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. முன்பக்கம் 14 வரி, பின்பக்கம் 14 வரி, மொத்தம் ஏறக்குறைய ஆயிரம் குறிகள். பெயர் மாமரி. மரம் என்னவென்று ஆராய்ந்தபோது பூவரசு என்று தெரிந்தது. ஆமாம், நாம் இலையைச் சுருட்டி பீப்பி ஊதும் அதே பூவரசுதான். பசிபிக் கரைகளிலும் வளர்கிறது.

பலகை வந்தது ஈஸ்டர் தீவிலிருந்து. தீவுக்காரர்கள் அதை ராப்பா நூயி என்பார்கள். பலகையில் இருக்கும் எழுத்துக்கு ரொங்கொரொங்கோ என்று பெயர். இந்த எழுத்தில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவான பொருள்கள்தான். அவை ரோம், லண்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சாந்தியாகோ, வியன்னா, ஹொனலூலு என்று சிதறிக் கிடக்கின்றன. தீவில் ஒன்றுகூட இல்லை. அத்தனை பொருள்களிலும் சேர்த்து, 'இந்த இடத்தில் எழுதியிருப்பது இன்ன விஷயம்' என்று ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது ஒரே ஒரு பகுதியைத்தான். அது மாமரியின் முன்பக்கத்தில், ஆறாம் வரியிலிருந்து ஒன்பதாம் வரிக்குள் வருகிறது. அது ஒரு நிலா நாட்காட்டி.

சரி, அப்படியானால் அந்த வரிகளை வாசித்துவிட்டார்களா? இல்லை. அதில் ஒரு சொல்லைக்கூட இப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசிக்காமலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால், படிக்கப்படாத எந்த எழுத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எடைபோட்டுப் பார்க்க நமக்கு ஒரு பிடி கிடைக்கும்.

முதலில் தீவைப் பற்றிக் கொஞ்சம். சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கி.மீ. தள்ளி, நடுக்கடலில் கிடக்கிறது. பரப்பளவு 164 சதுர கி.மீ. அளவுக்குத்தான். பொலினீசியர்கள் படகுகளில் வந்து குடியேறினார்கள். 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று டச்சு மாலுமி ரொகவேன் வந்ததால் ஐரோப்பியர் வாயில் அது ஈஸ்டர் தீவு ஆனது. எழுத்து இருப்பதை வெளியுலகுக்கு முதலில் சொன்னவர் 1864இல் அங்கே போன பிரெஞ்சு மதப்பணியாளர் எஜேன் எய்ரோ. வீட்டுக்கு வீடு, குறிகள் செதுக்கிய பலகைகளும் கோல்களும் இருப்பதாக அவர் எழுதினார்.

ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. 1862, 63ஆம் ஆண்டுகளில் பெருவிலிருந்து கப்பலில் வந்த ஆள்பிடிப்பவர்கள் சுமார் 1,500 பேரைக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். பலகைகளை ஓதத் தெரிந்தவர்களை 'தங்காத்தா ரொங்கொரொங்கோ' என்பார்கள். ஙாஅரா என்ற தலைவர் காலத்தில் அவர்கள் ஆண்டுதோறும் அனக்கேனா கடற்கரையில் கூடி ஓதியதை, 1914, 15இல் அங்கே ஆய்வு செய்த கேத்தரின் ரௌட்லெஜிடம் முதியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். நினைவுகூர்ந்தவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. ஒரு தலைமுறையில் ஒரு எழுத்தின் கதை முடிந்துபோனது.

தெரிந்த ஆள் கிடைப்பாரா என்று தேடாமலில்லை. தாஹித்தியில் இருந்த பிஷப் ஜோசன், 1870களில் மெத்தோரோ என்ற ராப்பா நூயிக்காரரைக் கண்டுபிடித்தார். தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். நான்கு பலகைகளை அவர் கையில் கொடுத்து, அவர் பாடியதை எல்லாம் பிஷப் எழுதி வைத்தார். அந்த நான்கில் மாமரியும் ஒன்று. மெத்தோரோ செய்தது என்னவென்றால், கண்ணில் பட்ட குறி என்ன உருவமோ அதைச் சொல்லிக்கொண்டே போனது: இது பறவை, இது மீன், இவன் கையைத் தூக்குகிறான். நிலா நாட்காட்டிப் பகுதியை அவர் தலைகீழ் வரிசையில் வாசித்திருக்கிறார். அதன் நடுவே அப்பட்டமாக நிற்கும் முழுநிலவுக் குறியையும் கவனிக்கவில்லை. இதைப் பிற்பாடு கண்டுபிடித்துச் சொன்னவர் மொழியியலாளர் ஜாக் கீ.

இன்னொரு சம்பவம் 1886இல். அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வந்த வில்லியம் தாம்சன், ஊரே வாயெ இக்கோ என்ற முதியவரிடம் பலகைகளின் புகைப்படங்களைக் காட்டினார். முதியவர் தடையில்லாமல் ஓதினார். நடுவில் படத்தை மாற்றி வைத்தாலும் பாட்டு மாறாமல் ஓடியது. அவர் ஏமாற்றினார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பழம்பாட்டை நினைவிலிருந்து பாடியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பாட்டுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. எழுத்தைத் திறக்கும் சாவியாக மட்டும் அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது.

இதே தாம்சன் கொண்டுவந்த வேறொரு காகிதம்தான் பின்னாளில் பெரிதாகப் பயன்பட்டது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

குறிகள் எப்படி இருக்கும்? ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரம். எரிமலைக் கண்ணாடிச் சில்லாலோ சுறாப் பல்லாலோ கீறியவை. மனித உருவம், கடற்பறவை, மீன், ஆமை, செடி, பிறை, அப்புறம் என்னவென்றே சொல்ல முடியாத கோட்டு வடிவங்கள். படிக்கும் திசைதான் விசித்திரம். கீழ் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கம் போக வேண்டும். வரி முடிந்ததும் பலகையையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து அடுத்த வரியைத் தொடங்க வேண்டும். ஏரோட்டுபவர் வயல் கோடியில் மாட்டைத் திருப்பி வருகிற மாதிரிதான், ஆனால் இங்கே திரும்புவது வயல். ஒன்றுவிட்ட வரிகள் நம் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும்.

இந்தத் திசை எப்படித் தெரிந்தது, ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாதபோது? குறிகள் நிற்கிற கோலம் ஒரு சாட்சி. அதைவிட வலுவான சாட்சி, ஒரே உரை வேறு வேறு பலகைகளில் திரும்ப வருவது. லெனின்கிராடில் படித்துக்கொண்டிருந்த போரிஸ் குத்ரியாவ்த்செவ் என்ற இளைஞர், அங்கிருந்த இரண்டு பலகைகளும் சாந்தியாகோவில் இருக்கும் ஒரு பலகையும் ஏறத்தாழ ஒரே உரையைச் சுமக்கின்றன என்று கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. கட்டுரை 1949இல், அவர் இறந்த பிறகு, வெளிவந்தது. ஒரு பலகையில் வரி உடையும் இடமும் இன்னொன்றில் உடையும் இடமும் வேறு என்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வரி முடிந்து எங்கே தொடர்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு மொழி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எது திரும்ப வருகிறது, எத்தனை முறை வருகிறது, எதற்கு அடுத்து எது வருகிறது: இவ்வளவு போதும். 1958இல் ஜெர்மானியர் தோமாஸ் பார்த்தல் எல்லாக் குறிகளுக்கும் மூன்றிலக்க எண் கொடுத்து, எல்லாப் பலகைகளுக்கும் ஆங்கில எழுத்தில் அடையாளம் கொடுத்து, முழுத் தொகுப்பையும் வெளியிட்டார். மாமரிக்குக் கிடைத்தது 'சி'. பிறைக்குறிக்கு 040, சுருக்கமாக 40. அந்த எண் பட்டியலை வைத்துக்கொண்டு பார்த்தால், 'சி' பலகையின் ஒரு பகுதியில் 40, 40, 40 என்று வரிசையாக வருவது பளிச்சென்று தெரியும். வேறெங்கும் இப்படிக் கும்பலாக வருவதில்லை. நாட்காட்டி என்று முதலில் அடையாளம் சொன்னவரும் பார்த்தல்தான்.

பிறை உருவம் நிறைய இருந்தால் மட்டும் நாட்காட்டி ஆகிவிடுமா? ஆகாது. பிறை என்று நமக்குத் தோன்றுவது படகாகவும் இருக்கலாம், வாழைப்பழமாகவும் இருக்கலாம். இங்கேதான் தாம்சனின் காகிதம் உள்ளே வருகிறது. தீவுக்காரர்கள் ஒரு மாதத்தின் ஒவ்வொரு இரவுக்கும் வைத்திருந்த பெயர்களை அவர் 1886இல் எழுதிக்கொண்டு போயிருந்தார். பிறகு 1930களில் மானிடவியலாளர் அல்ஃபிரெட் மெத்ரோவும், தீவிலேயே பல பத்தாண்டுகள் வாழ்ந்த பாதிரியார் செபாஸ்தியான் எங்லெர்ட்டும் அப்படியே பட்டியல் சேகரித்தார்கள்.

பட்டியல் போகும் விதம் இது. முதல் இரண்டு இரவுகள் ஆத்தா, அரி. அடுத்த ஆறு இரவுகளுக்குத் தனிப்பெயர் கிடையாது. கோக்கோரே ஒன்று, கோக்கோரே இரண்டு என்று ஆறு வரை எண்ணிக்கை. பிறகு மஹாரு, ஹுவா, அத்துவா, ஹோத்து, மௌரே, இனா இரா, ராக்காவ் என்று பெயருள்ள இரவுகள். பிறகு முழுநிலவு, மோத்தொஹி. அது கழிந்ததும் மறுபடி கோக்கோரே, இந்த முறை ஐந்து. அதன்பின் தப்பூமே, மத்துவா, ரொங்கோ, ரொங்கோ தானே, மௌரி நூயி, மௌரி கேரோ, முத்து (நம் முத்து இல்லை), தீரேயோ என்று தேய்ந்து முடிகிறது.

இந்தப் பட்டியலைத் தீவின் தனிச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹவாயிலும் நியூசிலாந்திலும் இதே குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. ஹவாய் மொழியில் பழைய 'த' ஒலி 'க' ஆகிவிடும், 'ர' 'ல' ஆகிவிடும், 'ங' 'ந' ஆகிவிடும், பழைய 'க' தொண்டைக்குள் மறைந்துவிடும். இந்த விதியை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மஹாரு அங்கே மோஹாலு. ஹுவா அங்கேயும் ஹுவா. அத்துவா அக்குவா ஆகிறது, ஹோத்து ஹோக்கு, ராக்காவ் லாஅவ், ரொங்கோ லோனோ, தானே கானே, மௌரி மௌலி, முத்து முக்கு. மாவோரி மொழியில் கோக்கோரேவுக்கு ஈடாக கோரேகோரே இரவுகள், முழுநிலவை ஒட்டி ராக்காவ்நூயி, ராக்காவ்மத்தொஹி. ஒரே மூல நாட்காட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனவர்கள் இவர்கள். அதனால் ராப்பா நூயிப் பட்டியல் தாம்சன் காதில் தப்பாக விழுந்தது என்றோ, மதப்பணியாளர்கள் வந்தபின் புகுந்தது என்றோ ஒதுக்க முடியாது. எழுத்து இருந்த காலத்தில் தீவுக்காரர்கள் இரவுகளை இப்படித்தான் எண்ணினார்கள் என்பதற்கு இது நல்ல உத்தரவாதம்.

இப்போது பட்டியலைப் பலகைமேல் வைத்துப் பார்க்கலாம். 1990இல் ஜாக் கீ இதைத்தான் நிதானமாகச் செய்தார்.

பலகையில் பிறைகள் கும்பல் கும்பலாக நிற்கின்றன. ஒவ்வொரு கும்பலுக்கு முன்னாலும் ஒரே மாதிரியான ஒரு குறித்தொடர் வந்து கட்டியம் கூறுகிறது. அது எட்டு முறை வருகிறது. கும்பல்களில் இரண்டு மட்டும் தனித்துத் தெரிகின்றன. ஒன்றில் வெறும் பிறைகள் ஆறு, கூட எந்தக் குறியும் இல்லாமல். இன்னொன்றில் வெறும் பிறைகள் ஐந்து. பட்டியலில் பெயரில்லாமல் எண்ணப்பட்ட இரவுகளும் முதலில் ஆறு, பிறகு ஐந்துதான். இடமும் ஒத்துப்போகிறது, ஒன்று முழுநிலவுக்கு முன், ஒன்று பின். பெயருள்ள இரவுகள் வரவேண்டிய பகுதிகளில் சில பிறைகளோடு வேறு குறிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பெயர் இல்லாத இரவுக்குப் பெயர்க்குறியும் இல்லை! ஆறும் ஐந்தும் தற்செயலாக ஒத்துப்போகலாம் என்று ஒருவர் வாதிடலாம். ஆறு, ஐந்து, அவற்றின் வரிசை, அவற்றின் வெறுமை, நடுவில் முழுநிலவு எல்லாமே தற்செயல் என்று வாதிடுவது கஷ்டம்.

நடுவில் இருக்கும் அந்த முழுநிலவுக் குறி ஒரு வட்டத்துக்குள் உட்கார்ந்த உருவம். நாம் நிலாவில் வடை சுடும் பாட்டியைப் பார்க்கிறோம். ராப்பா நூயிக்காரர்கள் பார்த்தது மண் அடுப்பு மூட்டும் ஒரு மூதாட்டியை. இந்த ஒற்றுமையை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிடாதீர்கள், உலகம் முழுக்க நிலாவில் ஆட்கள் உண்டு.

அப்புறம் மீன். கட்டியக் குறித்தொடரின் கடைசியில் ஒரு தூண்டில் கயிற்று மீன் இருக்கிறது. முழுநிலவுக்கு முன் வரும் நான்கு தொடர்களிலும் அதன் தலை மேல்நோக்கி இருக்கிறது. பின் வரும் நான்கிலும் கீழ்நோக்கி. வளர்பிறை, தேய்பிறை. இதைச் சொல்ல மீனுக்கு ராப்பா நூயி மொழியில் 'இக்கா' என்று பெயர் என்பதே தேவைப்படவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: இது பொருத்தமான விளக்கம்தான், நிரூபணம் அல்ல. ஆறும் ஐந்தும் கொடுக்கிற உறுதியை மீன் கொடுக்காது.

இனி ஒரு கணக்கு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாள். இரவு பாதியில் முடியாது, ஆகவே ஒரு மாதத்துக்கு 29 இரவு, இன்னொரு மாதத்துக்கு 30 என்று மாற்றி மாற்றி வைத்தால்தான் நாட்காட்டியும் வானமும் ஒன்றாக ஓடும். ராப்பா நூயிப் பட்டியல்களை ஒப்பிட்ட ஜாக் கீ, நிலையான இரவுகள் 28 என்றும், ஹோத்து, ஹிரோ என்ற இரண்டும் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் உபரி இரவுகள் என்றும் முடிவுக்கு வந்தார். பலகையில் பகுதியின் கடைசியில், கொஞ்சம் நீட்டித்த கட்டியத்தோடு, இரண்டு பிறைகள் தனியே நிற்கின்றன. அந்த உபரிகள் இவைதான் என்பது அவர் கருத்து.

எந்த மாதத்தில் உபரியைச் சேர்ப்பது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஜாக் கீ ஒரு அழகான ஊகம் வைத்தார். நிலா பூமியைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. அருகில் வரும்போது சுமார் 3,63,000 கி.மீ., தொலைவில் போகும்போது சுமார் 4,05,000 கி.மீ. தொலைவில் இருக்கும்போது மெதுவாக நகரும், கண்ணுக்குச் சின்னதாகவும் தெரியும். மெதுவாக நகர்ந்தால் அடுத்த கலைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், அப்போது ஒரு இரவைக் கூட்ட வேண்டியிருக்கும். பலகையில் முழுநிலவுக்கு ஆறு இரவு முன்னும் ஆறு இரவு பின்னும் பாதி அளவே உள்ள குட்டிப் பிறைகள் மேலே தூக்கிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 'இந்த இரவில் நிலாவின் அளவைப் பார், சின்னதாக இருந்தால் ஒரு இரவு சேர்' என்ற குறிப்பு அது என்கிறார் அவர். முதல் குட்டிப் பிறை நிற்கும் இடம், தாம்சனும் மெத்ரோவும் ஹோத்து இரவைப் பதிவு செய்த இடத்தோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் இது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை, நாட்காட்டியைச் சரிசெய்யும் கையேடு. ஊகம்தான், ஆனால் தவறானால் எந்த இடத்தில் தவறும் என்று காட்டக்கூடிய ஊகம். அந்த வகை ஊகங்களுக்கு நான் எப்போதும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுப்பேன்.

இதுவரை நடந்தது எல்லாம் எண்ணிக்கையும் வரிசையும். மாயா எழுத்திலும் இப்படித்தான் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிரெஸ்டன் நகர நூலகர் ஃபோர்ஸ்ட்டெமன் மாயா ஏட்டின் எண்களையும் நாட்காட்டியையும் பிரித்துப் புரிந்துகொண்டார். எழுத்து எந்த ஒலியைச் சொல்கிறது என்பதற்கு 1952இல் சோவியத் அறிஞர் யூரி க்னோரொசோவ் வரவேண்டியிருந்தது. நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. மாயாவுக்கு இருந்த வசதிகள் இரண்டு: கல்லிலும் ஏட்டிலும் ஏராளமான உரை, கூடவே 16ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்பானியப் பாதிரியார் அரைகுறையாக எழுதிவைத்த ஒலிப்பட்டியல். ரொங்கொரொங்கோவுக்கு இருப்பது மொத்தமாகவே சுமார் 15,000 குறிகள். அதிலும் ஒரு பகுதி அதே உரையின் மறுபதிப்பு.

நாட்காட்டியிலிருந்து ஒலிக்கு எப்படிப் போவது? உலகில் பல எழுத்துமுறைகள் ஒரே தந்திரத்தைப் பயன்படுத்தின: ஒரு பொருளை வரைந்து, அதே ஒலியுள்ள வேறு சொல்லைக் குறிப்பது. மீன் வரைந்தால் விண்மீனும் ஆகலாம், ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் மீன்தான். சிந்துவெளி எழுத்தைத் திராவிட மொழியாகப் பார்ப்பவர்கள் முன்வைக்கும் பிரபலமான வாசிப்பு இது. ராப்பா நூயியிலும் வாய்ப்பு உண்டு. 'இக்கா' என்றால் மீன், கொல்லப்பட்டவனும் இக்காதான். 'கோஹவ் இக்கா' என்ற வகைப் பலகைகள் சண்டையில் கொல்லப்பட்டவர்களின் பட்டியல் என்று தீவுக்காரர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. அப்படியானால் பெயருள்ள இரவுகளின் பிறையோடு ஒட்டியிருக்கும் குறிகள் அந்தப் பெயரின் ஒலியைச் சொல்கின்றனவா? ஜாக் கீ சிலவற்றுக்கு அப்படி ஒலி ஊகித்தார். தானே அவற்றைத் தயக்கத்தோடுதான் வைத்தார்.

இன்னொரு வழி, எழுத்துகளை எண்ணுவது. ராப்பா நூயி மொழியில் 10 மெய்யொலி, 5 உயிரொலி. சொற்கள் மெய்யில் முடிவதில்லை, மெய்கள் அடுத்தடுத்து நெருக்குவதும் இல்லை. குறில் நெடில் வேறுபாட்டை விட்டுவிட்டால் மொழியில் மொத்தம் 55 அசைகள்தான். ரஷ்ய ஆய்வாளர் கான்ஸ்தாந்தின் போஸ்னியகோவ் தம் குடும்பத்தவர் ஒருவரோடு சேர்ந்து 2007இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பார்த்தலின் அறுநூறு சொச்சம் குறிகளில் பெரும்பாலானவை கூட்டுக்குறிகளும் மாறுவடிவங்களும். பிரித்தால் அடிப்படைக் குறிகள் 52தான் என்றார். 52, 55. கைக்கெட்டும் தூரம்.

ஆனால் எண்ணுகிறவர் எதை ஒன்று என்று எண்ணுகிறார் என்பதில்தான் சூட்சுமம். தமிழ் தெரியாத ஒருவர் நம் புத்தகத்தை எடுத்து வடிவங்களை எண்ணினால், கா என்பது ஒரு குறியா, 'க'வும் காலும் சேர்ந்த இரண்டா? ஒரு கணக்கில் 247, இன்னொரு கணக்கில் அதில் கால்வாசிகூட வராது. தலையைத் திருப்பியிருக்கும் பறவையும் நேரே பார்க்கும் பறவையும் ஒரே எழுத்தா, வேறா என்பதைப் பொறுத்து ரொங்கொரொங்கோ அசை எழுத்தாகவும் மாறும், சொல் எழுத்தாகவும் மாறும். தவிர, 55க்கு அருகில் ஒரு எண் வந்ததால் எந்தக் குறி எந்த அசை என்பது தெரிந்துவிடாது. அசைகளின் புழக்க விகிதத்தைக் குறிகளின் புழக்க விகிதத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். பிடிக்கிற மாதிரி இருக்கிறது, பிடி கிடைக்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் 'நான் படித்துவிட்டேன்' என்பவர்கள் வருகிறார்கள். 1932இல் ஹங்கேரியர் கியோம் டி ஹெவெஷி, ரொங்கொரொங்கோவும் சிந்துவெளி எழுத்தும் ஒரே எழுத்து என்று அறிவித்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஜோடிகள் பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருந்தன. நடுவில் உலகத்தின் மறுகோடி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலான இடைவெளி. மூலத்தோடு ஒப்பிட்ட மெத்ரோ, ஒற்றுமை தெரியும்படி வரைபடங்களே திருத்தப்பட்டிருப்பதைக் காட்டினார். சிந்துவெளி என்றதும் நமக்குக் காது நிமிரும் என்பதால் இதைச் சொல்கிறேன். ஈஸ்டர் தீவைச் சிந்துவெளியோடு, அங்கிருந்து தமிழோடு முடிச்சுப் போடும் பதிவுகளுக்கு வேர் பெரும்பாலும் இந்த ஹெவெஷியில்தான் இருக்கும்.

1995இல் ஸ்டீவன் ஃபிஷர் என்ற மொழியியலாளர் வேறு வழியில் போனார். சுமார் 2,300 குறிகள் கொண்ட சாந்தியாகோ கோலில் மூன்று மூன்றாக ஒரு அமைப்பு இருப்பதைப் பார்த்தார். ஊரே வாயெ இக்கோ பாடிய படைப்புப் பாட்டிலும், இன்னது இன்னதோடு கூடி இன்னதைப் பெற்றது என்று மும்மூன்றாக வருகிறது. இரண்டையும் இணைத்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோலின் பெரும்பகுதி அந்த மும்மை அமைப்புக்குள் அடங்கவில்லை. அவர் 'கூடியது' என்று படித்த அதே குறியை, 1957இலேயே புத்தினோவும் க்னோரொசோவும் ஒரு சாந்தியாகோ பலகையில் 'இன்னார் மகன் இன்னார்' என்ற வம்சாவளி அமைப்பின் பகுதியாகப் பார்த்திருந்தார்கள். ஒரே குறி இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்யலாம்தான், ஆனால் அதை நிறுவ வேண்டும்.

புதிதாக ஒரு வாசிப்பு கண்ணில் பட்டால் நான் முதலில் அதை மாமரியின் ஆறாம் வரிக்குக் கூட்டிப் போவேன். அவர் சொல்லும் ஒலிகளோ பொருள்களோ, ஆறு வெறும் பிறையும் ஐந்து வெறும் பிறையும் நிற்கும் இடத்தில் என்ன ஆகின்றன? அங்கே மீன்பிடிப் பாட்டு, அரசனின் போர் என்று ஏதாவது வந்தால் மேலே படிக்கத் தேவையில்லை. வந்தது நாட்காட்டியாகவே இருந்தால், அடுத்து அதே ஒலியை குத்ரியாவ்த்செவின் மூன்று இணைப் பலகைகளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே உரையை மூன்று பேர் எழுதும்போது ஓரிடத்தில் ஒருவர் வேறு குறி போட்டிருப்பார். அந்த மாற்றுக்குறிகள் ஒரே ஒலியின் இரண்டு எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். வாசிப்பு சரியென்றால் அங்கே உடையாமல் நிற்க வேண்டும். இதுவரை எந்த வாசிப்பும் இரண்டையும் தாண்டவில்லை.

எழுத்து எவ்வளவு பழையது என்பதிலும் சண்டை உண்டு. 1770இல் வந்த ஸ்பானியர்கள் தீவைத் தங்கள் அரசருக்குச் சொந்தமாக்கும் பத்திரத்தில் தீவுக்காரர்களைக் கையெழுத்திடச் சொன்னார்கள். காகிதத்தில் எழுதுவதைப் பார்த்துத்தான் எழுத்து என்ற யோசனையே வந்தது என்பது ஒரு கட்சி. 2024இல் சில்வியா ஃபெராரா குழுவினர் ரோமில் உள்ள நான்கு பலகைகளுக்குக் கார்பன் காலக்கணிப்பு வெளியிட்டார்கள். மூன்று 19ஆம் நூற்றாண்டுக்கு வந்தன. ஒன்று மட்டும் 15ஆம் நூற்றாண்டு, அதாவது எந்த ஐரோப்பியக் கப்பலும் வருவதற்கு வெகு முன்னால். இதில் ஒரு 'ஆனால்' இருக்கிறது. கார்பன் சொல்வது மரம் இறந்த காலம். கரை ஒதுங்கிய பழைய கட்டையை எடுத்துப் பின்னாளில் எழுதியிருக்கவும் முடியும். மரமே அரிதான தீவில் அது நடக்காத காரியம் இல்லை.

இப்போதைக்கு வேலை நடக்க வேண்டிய இடம், பெயர்க்குறி ஒட்டிய அந்தப் பிறைகள். அவை சிலவே. ஒலியும் குறியும் சந்திக்க வாய்ப்புள்ள இடம் மொத்த ரொங்கொரொங்கோவிலும் அவ்வளவுதான். அங்கேயும் சிக்கல் இருக்கிறது. தாம்சன், மெத்ரோ, எங்லெர்ட் மூவரின் பட்டியல்களும் சில பெயர்களில் ஒத்துப்போவதில்லை. 1870களில் தீவை விட்டு தாஹித்திக்குப் போய்த் திரும்பியவர்கள் அந்த மொழியின் சொற்களையும் கொண்டுவந்துவிட்டார்கள். பலகையை எழுதியவர் வாயில் அந்தப் பெயர்கள் எப்படி ஒலித்தன என்பதை, ஹவாய், மாவோரி, தாஹித்தி, மார்க்கேசாஸ் பட்டியல்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு முதலில் மீட்டெடுக்க வேண்டும். குறிக்கு ஒலி தேடுவது அதற்கு அடுத்த வேலை.